பதினோரு கிணறும் மூன்று பாலவாடியும்

என் பேத்தியை எந்தப் பாலவாடியில் சேர்ப்பது என்று பயந்து அலைந்த காலத்தைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன். மூன்று வயதுப் பிள்ளையைப் பாலவாடியில் விட இத்தனை யோசனையா என்று அன்றைக்கே ஊரில் கேட்டுச் சிரித்தார்கள். அது யோசனை இல்லை. பயம். எனக்குப் பயம் கருவிலேயே வந்தது என்று என் அம்மா சொல்வாள். அந்தப் பயம் அந்த ஒரு வருடத்தில் ஏறிய அளவுக்கு அதற்கு முன்பும் ஏறவில்லை, பின்பும் ஏறவில்லை.

நான் பேருந்து நடத்துநராக இருந்தவன். பாறசாலையிலிருந்து புறப்படும் வண்டிகளில் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டே வாழ்நாளில் பாதியைக் கழித்தேன். ஒவ்வொரு நிறுத்தம் தாண்டியதும் தலைகளை எண்ணவேண்டும். தலையும் சீட்டும் ஒத்துப்போகவேண்டும். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. கல்யாணப் பந்தியில் எண்ணுவேன். துக்க வீட்டிலும் எண்ணுவேன். எண்ணி முடித்து ஒன்று குறைந்தால் நெஞ்சு அடித்துக்கொள்ளும். யார் குறைந்தார் என்று எனக்கே தெரியாது, ஆனாலும் அடித்துக்கொள்ளும்.

ஓய்வு பெற்ற அடுத்த மழைக்காலத்தில் தலைசுற்றல் வந்தது. ஒருநாள் காலை, பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு கிணற்றடியில் நின்றிருந்தேன். உலகம் ஒரு பக்கமாகச் சரிந்தது. நல்லவேளையாகக் கிணற்றுக்கு எதிர்ப்பக்கமாக விழுந்தேன். பிள்ளைக்கு முழங்கையில் சிறு கீறல் மட்டும்தான். ஆனால் அவளுடைய வலது கால் செருப்பு, சிவப்பு ரப்பர் செருப்பு, கிணற்றுக்குள் போய்விட்டது. வாளி விட்டுப் பார்த்தோம், அகப்படவில்லை. கல் இடுக்கில் எங்கோ போய்ச் செருகிக்கொண்டது.

என் மகள் எல்லாவற்றையும் சமையல்கட்டு வாசலிலிருந்து பார்த்துவிட்டாள்.

"இனி பிள்ளைய உங்ககிட்ட விட்டுட்டு நான் தையலுக்குப் போவ முடியாது அப்பா," என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். மெதுவாகச் சொன்னாள்.

என் மனைவி இறந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. மருமகன் மஸ்கட்டில் கம்பி கட்டும் வேலையில் இருந்தார். மகள் பாறசாலை பஸ் நிறுத்தத்துக்கு அருகில் ஒரு தையல் கடையில் ரவிக்கை தைக்கப் போய்க்கொண்டிருந்தாள். அதனால் பகலில் பிள்ளைக்கு நான் ஒருவன்தான் காவல். அந்தக் காவலே ஆபத்து என்று ஆகிவிட்ட பிறகு பாலவாடியைத் தவிர வேறு வழி இல்லை.

எங்கள் வீடு பனச்சமூட்டுக்குப் போகும் வழியில் இருந்தது. ரோட்டுக்கு இந்தப் பக்கம் கேரளம், அந்தப் பக்கம் தமிழ்நாடு. நடுவில் ஆறு ஒன்றும் கிடையாது, தார்ச்சாலைதான். இருந்தாலும் அந்தப் பக்கத்தை நாங்கள் அக்கரை என்றுதான் சொல்வோம்.

இந்தக் கதைக்குக் கிணறுகள் முக்கியம். நாங்கள் குடியிருந்த இடம் முன்பு ஒரே விளை, தென்னந்தோப்பு. ஒரு பெரிய வீட்டுக்காரருக்குச் சொந்தம். அதில் பதினோரு குடும்பங்கள் ஓலைக்குடிசை போட்டு, அடுத்தவர் நிலத்தில் ஒண்டுகிற குடிகிடப்பாக இருந்தோம். விளைக்கு ஒரே கிணறு. நிலச் சட்டம் வந்து ஒவ்வொரு குடும்பத்துக்கும் பத்து சென்ட் சொந்தமானபோது, எல்லோரும் முதலில் செய்தது வேலி கட்டியது. இரண்டாவது செய்தது கிணறு வெட்டியது. இன்னொருவர் முற்றத்தில் காத்து நின்று தண்ணீர் கோரிய ஆட்கள் அல்லவா, தன் கிணறு என்றால் அது தனி ருசி. என் அப்பாதான் முதலில் வெட்டினார். தண்ணீர் ஊறிய அன்று சர்க்கரை வாங்கி எல்லோர் கையிலும் வைத்தார். அப்படி ஒரே விளையில் பதினோரு கிணறு வந்தது. சுற்றுச்சுவர் கட்ட யாரிடமும் கையில் மிச்சம் இல்லை. பிறகு கல்ஃபுக்கு ஆள் போன வீடுகளில் மட்டும் சுவர் எழுந்தது. அப்படி நான்கு. மற்ற ஏழும் வாயைத் திறந்துகொண்டு தரையோடு தரையாகக் கிடந்தன. எங்கள் கிணறு அந்த ஏழில் ஒன்று. மருமகன் போய் ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. போன கடனே அடையவில்லை.

அந்தச் சமயத்தில் ஊருக்கு விடுமுறையில் வந்த ஒருவர் கையில் மருமகன் ஒரு கேசட் கொடுத்தனுப்பியிருந்தார். டேப் ரெக்கார்டர் இருந்த வீட்டில் போய் உட்கார்ந்து கேட்டோம். பின்னால் ஏதோ இயந்திரம் ஓடும் சத்தம். மகளிடம் பேசவேண்டியதைப் பேசிவிட்டுக் கடைசியில் என்னிடம் வந்தார்.

"மாமா, பிள்ளைக்க சத்தம் ஒண்ணு பிடிச்சு அனுப்புங்க. பிள்ளையப் பாத்துக்கிடுங்க. நான் வரும்ப அவ ஓடி வந்து நிக்கணும். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

இதைக் கேட்டதும் மகள் அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை, பயம்தான் வந்தது. கேட்டது என்னிடம் அல்லவா!

மூன்று பாலவாடிகளையும் போய்ப் பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

முதலாவது, நம்ம பாலவாடி. எங்கள் விளையிலேயே ஆறாவது பத்து சென்டில், ஒரு வீட்டின் முன்சாய்ப்பில் நடந்தது. இருபத்திரண்டு பிள்ளைகள். டீச்சர் நெய்யாற்றின்கரையிலிருந்து பஸ்ஸில் வருகிறவர், நல்ல குரல், பிள்ளைகளைப் பாட வைப்பார். சோள மாவு உப்புமாவு காலையில் கிண்டுவார்கள். அந்த வாசனை எங்கள் வீடு வரைக்கும் வரும். நான் போனதும் ஜன்னலை எண்ணினேன். ஒன்று. ஐந்து கம்பி இருக்கவேண்டிய இடத்தில் மூன்றுதான் இருந்தது. கதவுக்குக் கொண்டி இல்லை. வெளியே கிணறு, மேலே இரண்டு பனந்தடி குறுக்காகப் போட்டிருந்தார்கள், அதோடு காவல் முடிந்தது.

"டீச்சறே, இந்த ஜன்னல் வழியா ஒரு தலை நுழையும்," என்றேன்.

"சாறே, இதுவரெ ஒரு குட்டியும் அதுவழி போயிட்டில்ல," என்று டீச்சர் மலையாளத்தில் சொல்லிச் சிரித்தார்.

"இதுவரை போவல்லேங்கிறதுனால இனியும் போவாதுன்னு உண்டா?"

ஆயா உப்புமாவுச் சட்டியைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "கண்டக்டர் சாறு பிள்ளைய சேக்க வந்தாரா, பாலவாடிய பூட்ட வந்தாரா?"

இரண்டாவது, அக்கரைப் பாலவாடி. தமிழ்நாட்டு அரசாங்கத்தின் புதுக் கட்டடம். கான்கிரீட் கூரை, கம்பி வலை போட்ட நான்கு ஜன்னல், கிணறு கிடையாது, குழாய்த் தண்ணீர். மதியம் சோறும் சாம்பாரும். பார்த்ததும் மனது குளிர்ந்தது. அடுத்த நிமிடமே சமையல் அறையைப் பார்த்தேன். பிள்ளைகள் படுக்கும் இடத்துக்கும் கொதிக்கும் உலைக்கும் நடுவே கதவே இல்லை. அதைவிடப் பெரிய கவலை ரோடு. கல்ஃப் பணத்தில் வீடு எழும்பாத மூலை அப்போது இல்லை. மணல் லாரிகள் விட்ட அம்பு மாதிரி போகும். திருவனந்தபுரம் விமான நிலையத்திலிருந்து தலைமேல் பெட்டி கட்டிய கார்கள் வரும். இவை போதாது என்று அரிசி கடத்தும் சைக்கிள்கள். அந்தப் பக்கத்து அரிசியை இந்தப் பக்கம் கொண்டுவருகிற ஆட்கள், பின்னால் மூட்டை, மணி கிடையாது, பிரேக்கும் கிடையாது. சோதனைச் சாவடிக்காரர்கள் வருகிறார்கள் என்று யாராவது விசில் அடித்தால் மனிதர்கள் மேலேயே ஏற்றிக்கொண்டு போவார்கள்.

மூன்றாவது, குளத்தங்கரைப் பாலவாடி. பாறசாலைப் பக்கமாகக் கொஞ்சம் நடக்கவேண்டும். எனக்குப் பெயரே போதும். பழைய குளம், கருங்கல் படி, பாசி பிடித்த பச்சைத் தண்ணீர். பாலவாடி வாசலிலிருந்து நாலு எட்டு வைத்தால் முதல் படி. டீச்சர் ஒல்லியான பெண், சிரிக்காத முகம். உட்காரவே இல்லை, நிலைப்படியில் குறுக்காக நின்றபடி என்னிடம் பேசினார். பேசும்போது கண் என் முகத்துக்கு வரவில்லை, உள்ளே பிள்ளைகள் மேலேயே ஓடிக்கொண்டிருந்தது. வயதுக்கு மரியாதை தெரியாத பெண் என்று நினைத்தேன். அப்போது சுவரில் ஆணியில் தொங்கிய ஒரு கயிறு கண்ணில் பட்டது. நீளமான தேங்காய்நார்க் கயிறு, இடைவெளி விட்டு முடிச்சு முடிச்சாக.

"அது என்னதுக்கு?" என்று கேட்டேன்.

"பிள்ளைகளுக்கு," என்றார்.

பிள்ளைகளைக் கட்டிப்போடுகிற இடம்! மேற்கொண்டு ஒரு வார்த்தை கேட்காமல் திரும்பி நடந்தேன்.

ஆக, கிணறு, ரோடு, குளம். மூன்றையும் ஒரு வாரம் மனதில் போட்டு உருட்டினேன். கடைசியில் மகள்தான் முடித்தாள். "நம்ம பாலவாடி போதும். கூப்பிட்டா கேக்குத தூரமாக்கும்." பனந்தடிகளுக்கு மேல் நானே ஒரு பழைய கதவுப் பலகையைப் போட்டு மூடினேன். ஜன்னலில் இரண்டு மூங்கில் துண்டு கட்டினேன். ஆயா பார்த்துக்கொண்டு நின்று, "இனி காத்துக்கும் சீட்டு எடுக்கணுமோ?" என்றாள்.

சேர்த்து ஒரு மாதம் ஆவதற்குள் இன்னொரு விஷயம் தெரிந்தது. எங்கள் எல்லையோரப் பிள்ளைகளுக்கு இரண்டு அரசாங்கம் உண்டு. காலையில் நம்ம பாலவாடியில் உப்புமாவு தின்றுவிட்டு, மதியம் வரிசையாக ரோட்டைக் கடந்து அக்கரையில் சோறு தின்னப் போவார்கள். என் பேத்தியோடு இருபத்து மூன்று பிள்ளைகளில் பதினேழு பேர் இப்படி; மற்ற ஆறு பேர் மதியம் வீட்டுக்குப் போய்விடுவார்கள். இந்தப் பதினேழு பேருக்கும் இரண்டு பக்கப் பதிவேட்டிலும் பேர் உண்டு. இரண்டு டீச்சருக்கும் தெரியும், இரண்டு பேருக்கும் சம்மதம். பிள்ளை குறைந்தால் பாலவாடியை வேறு ஊருக்கு மாற்றிவிடுவார்களே! நம்ம ஆயா பிள்ளைகளை ரோட்டோரம் கொண்டுபோய் நிறுத்தி, "வாறாவோ!" என்று கத்துவாள். அக்கரை ஆயா அடுக்களையிலிருந்தே, "வரட்டு, வரட்டு!" என்பாள். அவ்வளவுதான். அனுப்பியவளும் எண்ணமாட்டாள், வாங்கியவளும் எண்ணமாட்டாள்.

என் பேத்தியும் போகிறாள் என்று அறிந்த அன்று நான் சாப்பிடவில்லை.

"எல்லாப் பிள்ளைகளும் போவுது அப்பா. அவளுக்குச் சோறுன்னா உயிரு. இவ மட்டும் சுவத்தப் பாத்துட்டு இருக்கணுமா?" என்றாள் மகள்.

"அவிய ஒரு இடத்தில எறங்குதாவ, இன்னொரு இடத்தில ஏறுதாவ. நடுவில ஆரு பொறுப்பு?"

"பஸ்ஸா அப்பா இது?"

பஸ்தான் என்று எனக்குத் தோன்றியது. பஸ்ஸென்றால் நடத்துநர் வேண்டும். அதனால் தினமும் மதியம் நானே ரோட்டில் போய் நின்றேன். வடக்கே ஒரு கை, தெற்கே ஒரு கை நீட்டி வண்டிகளை நிறுத்துவேன். பதினேழு தலையும் அக்கரை வாசலுக்குள் நுழைவதை எண்ணுவேன். அதற்குப் பிறகுதான் எனக்கு மூச்சு.

ஒரே ஒரு நாள் தப்பிற்று. தலைசுற்றலுக்கு மருந்து வாங்கப் பாறசாலை ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். திரும்பும்போது பஸ் வழியில் நின்றுவிட்டது. நான் ஊர் வந்து இறங்கியபோது பிள்ளைகள் கடந்துபோய் ஒரு மணி நேரம் இருக்கும். நேராக அக்கரைக்குப் போய் வாசலிலிருந்து எட்டிப் பார்த்தேன். பிள்ளைகள் சாப்பிட்டுப் படுத்திருந்தார்கள். என் பேத்தி இல்லை.

அக்கரை டீச்சர் சோற்றுப் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். "உங்க பேத்தி இண்ணைக்கு வரவே இல்லியே, தாத்தா. அங்கேயே இருப்பா."

இந்தப் பக்கம் ஓடினேன். நம்ம டீச்சர் தனியாக உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார்.

"அவள் அக்கரெ போயல்லோ சாறே. எல்லாரும் போயி."

"அங்க வரல்லேன்னு சொல்லுதாவ!"

"அய்யோ, ஞான் பறஞ்ஞல்லோ, எல்லாரும் போயி."

ஆயா எங்கே என்று கேட்டேன். மருமகளுக்கு வயிற்றுவலி என்று வெள்ளறடை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாளாம். பிள்ளைகளை ரோட்டைக் கடக்கவிட்டு அப்படியே பஸ் ஏறியிருக்கிறாள்.

இந்த டீச்சருக்குப் பிள்ளை அங்கே. அந்த டீச்சருக்குப் பிள்ளை இங்கே. இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. இரண்டுக்கும் நடுவில் என் பேத்தி இல்லாமல் போய்விட்டாள்.

எனக்கு முதலில் நினைவு வந்தது கிணறு.

எங்கள் கிணற்றை நோக்கி எப்படி ஓடினேன் என்று தெரியாது. குனிந்து பார்த்தேன். முந்தின நாள் மழையில் தண்ணீர் ஏறியிருந்தது. நடுவில் சிவப்பாக ஒன்று மிதந்துகொண்டிருந்தது. சிறிய ரப்பர் செருப்பு.

நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர் தேங்காய் உரிப்பதை விட்டுவிட்டு ஓடி வந்தார். என்னை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். இல்லாவிட்டால் உள்ளே குதித்திருப்பேன், எனக்கு நீச்சல் தெரியாது.

"மாமா, ஒரு செருப்பாக்கும் கெடக்குது. அண்ணைக்கு விழுந்ததுல்லா அது? இஞ்ச பாருங்க. பாசி பிடிச்சிருக்கு."

வாளி விட்டு அதை எடுத்துக் கிணற்றடியில் போட்டார். வலது கால் செருப்பு. ஆமாம், பாசி பிடித்திருந்தது. பிள்ளை இப்போது போட்டிருப்பது நீலம், நானே வாங்கியது. அறிவுக்கு இதெல்லாம் புரிந்தது. உடம்புக்குப் புரியவில்லை.

சத்தம் கேட்டு விளையில் இருந்த பெண்கள் வேலி தாண்டி வந்தார்கள். ஒருத்தி, "எலே, பாதாளக்கரண்டி எடுலே!" என்று யாரையோ விரட்டினாள். கிணற்றில் விழுந்த வாளியைத் துழாவி எடுக்கிற இரும்புக் கொக்கிக் கொத்து அது. விளைக்கே ஒன்றுதான் உண்டு. வாளி விழும் வீட்டுக்கெல்லாம் இரவல் போய்வரும். அந்தக் கொக்கிகள் ஒன்றோடொன்று தட்டும் சத்தம் இன்றைக்குக் கேட்டாலும் காதைப் பொத்திக்கொள்வேன். சுவர் இல்லாத கிணறு ஒவ்வொன்றிலும் அதை இறக்கினார்கள். கயிறு தளர்ந்து போகும், அடியில் இழுபடும், நான் கண்ணை மூடிக்கொள்வேன். முதல் கிணற்றில் ஒரு உடைந்த வாளி வந்தது. மூன்றாவதில் ஒரு கயிற்றுத் துண்டு. நாலாவதில் ஏதோ சிக்கிக்கொண்டு வரமாட்டேன் என்றது. பக்கத்து வீட்டுக்காரர் காலைத் தரையில் ஊன்றி இழுத்தார். தென்னை மட்டை ஒன்று மேலே வந்தது.

"பேடிக்காதீங்க மாமா," என்று அவர் சொன்னார். அவர் முகத்திலும் வேர்வை ஊற்றியது. அவருக்கும் நாலு வயதில் ஒரு பையன். இரண்டு இடத்திலும் சாப்பிடுகிற பையன்.

ஐந்து மணி பஸ்ஸில் மகள் வருவாள். படியிலிருந்து இறங்கும்போதே, "பிள்ளை எங்க?" என்றுதான் கேட்பாள். அதற்குள் கண்டுபிடிக்கவேண்டும், அல்லது அந்தப் பஸ்ஸுக்கு முன்னால் நான் போய் விழவேண்டும். இப்படியெல்லாம் ஓடியது புத்தி.

அப்போது பக்கத்து வீட்டுக்காரர், "நான் ஒருக்கா எனக்க பையனப் பாத்துட்டு வாறேன்," என்று அக்கரைக்குக் கிளம்பினார். நானும் பின்னாலேயே போனேன். அவருடைய பையன் சுவரோரம் நன்றாக உறங்கிக்கொண்டிருந்தான். நம்ம பாலவாடிப் பிள்ளைகளை எப்போதும் அந்தச் சுவரோரமாகத்தான் ஒரு வரிசையாகப் படுக்க வைப்பார்கள். நான் சுவரில் சாய்ந்து நின்றேன். என்னையறியாமல் எண்ணிவிட்டேன். பதின்மூன்று. திரும்ப எண்ணினேன். பதின்மூன்றுதான்.

"டீச்சறே, இண்ணைக்கு எத்தனை பேரு வந்தாவ?"

"எப்பவும் உள்ளதுதான்."

"இல்லை. நாலு குறையுது. எனக்க பேத்தி ஒருத்தி இல்லை, நாலு பேரு இல்லை."

முதலில் ஒரு நிம்மதி வந்தது. நாலு பிள்ளைகள் ஒரே கிணற்றில் விழமாட்டார்கள். யாரோ கூட்டிக்கொண்டு போயிருக்கவேண்டும். அந்த 'யாரோ' மனதுக்குள் வந்ததுமே நிம்மதி செத்தது. அந்த வருடம் ஊரெங்கும் ஒரு பேச்சு. எங்கோ பெரிய பாலம் கட்டுகிறார்களாம், தூண் நிற்கமாட்டேன் என்கிறதாம், பலி கொடுக்கப் பிள்ளை பிடிக்க ஆள் திரிகிறதாம். பத்தாம் வகுப்புத் தேறியவன் நான். பஸ்ஸில் யாராவது இதைச் சொன்னால் சிரித்துச் சீட்டைக் கிழிப்பேன். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. பாலத்துக்கு எத்தனை தூண் இருக்கும் என்று எண்ணத் தொடங்கியிருந்தேன்.

ரோட்டுக்கு ஓடி வந்தேன். அரிசிச் சைக்கிள் ஒன்று வேகமாக வந்தது. எப்போதும் கண்டால் ஒதுங்குவேன். அன்றைக்குக் குறுக்கே கையை விரித்து நின்றேன். அந்த ஆள் காலைத் தரையில் தேய்த்து, மூட்டையோடு சாய்ந்து, எப்படியோ நிறுத்தினான்.

"சாறே, சாவதுக்கு எனக்க சைக்கிளா கிடைச்சுது?"

"நாலு சின்னப் பிள்ளைகள், வழியில எங்கயாவது கண்டியா மக்கா?"

அவன் முன்னும் பின்னும் பார்த்துக்கொண்டான். "கண்டேன். ஒரு பொம்பள கயித்தில பிடிச்சு நடத்திக்கிட்டுப் போறா. கொளத்துப் பக்கமாக்கும்."

கயிறு. சுவரில், ஆணியில், முடிச்சு முடிச்சாக.

நான் ஓடவில்லை, ஓட முடியவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் என் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டார். அந்த அரைமைல் வழியில் குளத்தைத் தவிர வேறொன்றும் என் கண்முன் இல்லை. பச்சைத் தண்ணீரும் அதில் நீலச் செருப்பும். குளம் தெரிந்ததும் முதலில் தண்ணீரைப் பார்த்தேன். ஒன்றும் மிதக்கவில்லை. கரையில் ஒரு ஜீப் நின்றது.

பாலவாடிக் கதவு உள்ளிருந்து கொண்டி போட்டிருந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

பிள்ளைகள் நாலு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நாற்காலியில் ஒரு அதிகாரி அம்மா. மூன்றாவது வரிசையில், முகத்துக்கு யாரோ பவுடர் பூசிவிட்டிருக்க, என் பேத்தி. எழுந்து நின்று கையைக் கட்டிக்கொண்டு உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள்: "முப்பத்தேழு, முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது..."

ஜன்னல் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டேன்.

சத்தம் கேட்டு அவள் திரும்பினாள். நாற்பதைச் சொல்லவில்லை. "அப்பூப்பா!" என்று கூப்பிட்டாள்.

குளத்தங்கரை டீச்சரின் முகம் வெளுத்தது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. மேற்பார்வைக்கு ஆள் வந்திருக்கிறது, பிள்ளை குறைவு, இரவல் வாங்கியிருக்கிறார்கள். எங்கள் ஊரில் பாதாளக்கரண்டி இரவல் போகும். பிள்ளையும் போகும் என்று எனக்குத் தெரியாது.

அதிகாரி அம்மா என்னைப் பார்த்து, யார், என்ன விஷயம் என்று மலையாளத்தில் கேட்டார். "ஆரா? எந்தா காரியம்?"

"பிள்ளையக் கூட்ட வந்தேன், மேடம்."

"கழிஞ்ஞில்ல. இவிடெ எத்ர குட்டிகளுண்டு என்னு எண்ணியிட்டு விடாம்." இன்னும் முடியவில்லையாம், பிள்ளைகள் எத்தனை என்று எண்ணிவிட்டுத்தான் விடுவாராம்.

"இருபத்தஞ்சு," என்றேன். வாயிலிருந்து தானாக வந்தது. ஜன்னலில் நின்ற நேரத்தில் இரண்டு முறை எண்ணியிருந்தேன். அந்த எண்ணிக்கை எனக்கு எவ்வளவு இனித்தது என்று அந்த அம்மாவுக்கு எப்படித் தெரியும்!

அவர் சிரித்துவிட்டு, தானும் எண்ணிப் பார்த்து, "சரியாணல்லோ," என்று எழுந்தார்.

ஜீப் போனதும் என் நாக்கு அவிழ்ந்தது. என்னென்னவோ சொல்லிக் கத்தினேன். கிணறு கிணறாகக் கொக்கி போட்டுத் தேடியதைச் சொன்னேன். குளத்தங்கரை டீச்சர் நிலைப்படியில் நின்று கேட்டார். அப்போதும் அவர் கண் என் முகத்தில் இல்லை, பிள்ளைகள் மேலேயே இருந்தது. உதடு லேசாக அசைந்தது. நான் கத்துவதை நிறுத்தி அந்த உதட்டைப் பார்த்தேன்.

அவர் எண்ணிக்கொண்டிருந்தார்.

"உங்க ஆயாட்ட சொல்லி, நாலு பிள்ளைகளக் கேட்டேன். டீச்சர்ட்டயும் வீட்டிலயும் சொல்லிட்டு அனுப்புங்கன்னுதான் சொல்லி விட்டேன்," என்றார். "நாலு வாங்கினேன். நாலையும் கயித்துல பிடிக்க வச்சுத்தான் கொண்டு வந்தது. அதுபோலத்தான் திருப்பிக் கொண்டாந்து விடுவேன். சாறே, இந்தக் கொளத்த பாத்துக்கிட்டு மூணு வருசமா நிக்கேன். நான் உக்காந்தா இவங்க எறங்கிருவாங்க."

பக்கத்து வீட்டுக்காரர் கயிற்றை எடுத்துப் பார்த்தார். ஒவ்வொரு முடிச்சும் பிள்ளைகளின் கை பட்டு வழுவழுப்பாக இருந்தது. ஒரு முடிச்சுக்கு ஒரு பிள்ளை. கையை விட்டால் முடிச்சு சும்மா இருப்பது உடனே தெரியும். என் பேத்தி ஓடி வந்து ஒரு முடிச்சைப் பிடித்துக்கொண்டு, "இது எனக்க சீட்டாக்கும்," என்றாள்.

அன்று மாலை ஆயா வெள்ளறடையிலிருந்து வந்ததும் விளையே அவளைச் சூழ்ந்துகொண்டது. அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "டீச்சர்ட்ட சொல்லணும்னுதான் நினைச்சேன். அதுக்குள்ள பஸ் வந்துட்டு. மருமவ வயித்தப் பிடிச்சிட்டு நிக்கா, நான் என்ன செய்ய?"

"இத்தன பிள்ளைகள்ல எனக்க பேத்தியத்தானா குடுக்கணும்?"

"அவதான சாறே நூறு வர எண்ணுவா! ஆபீசர் கேட்டா வேற எந்தப் பிள்ள சொல்லும்? அதையும் நீங்கதானே படிப்பிச்சீங்க."

நான் பாதாளக்கரண்டியின் கயிற்றைச் சுருட்டத் தொடங்கினேன்.

ஐந்து மணி பஸ்ஸில் மகள் வந்தாள். பிள்ளை ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொண்டது. அவள் என் முகத்தைப் பார்த்தாள். மேலே போட்டிருந்த, வேர்வையில் ஊறிய துண்டைப் பார்த்தாள். கிணற்றடியில் கிடந்த பாதாளக்கரண்டியையும் பாசி பிடித்த சிவப்புச் செருப்பையும் பார்த்தாள். பிள்ளையைத் தூக்கி அதன் கால், கை, தலை எல்லாவற்றையும் தடவிப் பார்த்தாள். பிறகு அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன்.

"நாளைக்கு எங்க விடுது அப்பா?" என்று கடைசியில் கேட்டாள். என்னிடம் அப்படிக் கேட்டது அதுதான் முதல் முறை.

மறுநாள் காலை பேத்தியை அழைத்துக்கொண்டு குளத்தங்கரைக்கு நடந்தேன். மூன்று பாலவாடியையும் நான் ஒப்பிட்டது சுவரையும் ஜன்னலையும் தண்ணீரையும் வைத்து. எந்த இடத்தில் என்னைப்போலப் பயப்படுகிற ஆள் ஒன்று நிற்கிறது என்று பார்க்கத் தோன்றவில்லை. குளத்தைக் கண்டதும் பழைய நடுக்கம் வந்தது; அது போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன்.

டீச்சர் நிலைப்படியில் நின்றார். "சாறு வீட்டுக்குப் போகலாம். நான் உண்டு," என்றார்.

"வாறேன்," என்று சொல்லிவிட்டுப் போகவில்லை. கதவுக்கும் குளத்துப் படிக்கும் நடுவில் ஒரு கல் கிடந்தது. அதில் உட்கார்ந்தேன். உள்ளே டீச்சர் எண்ணினார், வெளியே நான் எண்ணினேன். அவருடைய இருபத்தொன்றும் என் பேத்தியும், இருபத்திரண்டு. கொஞ்சநேரம் கழித்து அவர் ஜன்னலுக்கு வந்து என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அவர் உள்ளே போனார்.